கரையேத்த எத்தினி ஆளு?

மயிலம் பங்குனி உத்திரத்தில், பொரிகடலைக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, தகரப் படகு விட்டுக் காட்டிக்கொண்டிருப்பார் ஒருவர். அந்தப் படகை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய தகரச் சிமிழ், அதிலிருந்து பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் குழாய்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தி உள்ளே தள்ளினால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் சிமிழுக்குள் தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியே முட்டித் தள்ளும். தள்ளிய கையோடு புதுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படகு 'படபடபட' என்று ஊருக்கே ஏதோ அவசரச் சேதி கொண்டுபோவது மாதிரி தாம்பாளத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த எண்ணெய்ப் புகையும் சூடேறிய தகரத்தின் வாடையும் பக்கத்துக் கடைப் பொரியின் மணமும் சேர்ந்து அடித்தால் இப்போதும் எனக்கு வயது ஏழு.

வாங்கித் தருவதாகத் தாத்தா ஒப்புக்கொண்டுவிட்டார். சிக்கல் அதற்கப்புறம்தான். சிவப்பா, பச்சையா? சிவப்பில் கொடி இருந்தது. பச்சையில் ஜன்னல் வரைந்திருந்தது. ஜன்னல் இல்லாத படகில் போகிறவன் வெளியே எப்படிப் பார்ப்பான்? கொடி இல்லாவிட்டால் அது எந்த ஊர்ப் படகென்று எதிரே வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? "நீ பாத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டுத் தாத்தா குன்றேறி, முருகனைக் கும்பிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்தார். நான் அதே சாக்குக்கு முன்னால் அதே மாதிரி குந்தியிருந்தேன். கடைக்காரர் தாத்தாவிடம், "பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாதுங்க" என்றார்.

கடைசியில் சிவப்புதான் வீட்டுக்கு வந்தது. ஆயா குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த அண்டாவில் அதை விட்டேன். அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் தேங்காயெண்ணெய் மிதக்கிற தண்ணீரைக் குடித்தார்கள். நாலாம் நாள் ஈயப்பற்று விட்டுக் குழாய் கழன்று, கொடியோடு முழுகிப்போனது படகு. அழுததாக ஞாபகம் இல்லை. அடுத்தது பெரியதாக, நான் உள்ளே உட்காருகிற மாதிரி பார்க்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். திந்திரிவனம், அதாவது புளியங்காடு என்பதுதான் ஊர்ப்பெயர் என்று சொல்வார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றப் பிறந்தவர் மாதிரி எங்கள் தாத்தா புளி வியாபாரம் பார்த்தார். மாசி பிறந்தால் போதும், தாழ்வாரம், நடை, திண்ணை எங்கும் புளியாகத்தான் கிடக்கும். பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். புளி அடிக்கிற சத்தம் ஒரு பக்கம், கதையில் வருகிற மாமியார் மேல் விழுகிற அடி ஒரு பக்கம். வாசலுக்கு வெளியே காய்கிற மல்லாட்டை. இந்த ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான மல்லாட்டை ரகங்களுக்கெல்லாம் பெயரிலேயே 'டி.எம்.வி.' ஒட்டியிருக்கும், திண்டிவனத்தின் சுருக்கம்தான் அது. எனக்கு அந்த விவரமெல்லாம் அப்போது தெரியாது. மல்லாட்டை ஓட்டைப் பாதியாகப் பிளந்தால் இரண்டு படகு கிடைக்கும் என்பது தெரியும். மழை பெய்தால் தெருவோரத் தண்ணீரில் என் கப்பற்படை புறப்படும், முனைவீட்டுச் சாக்கடைவரை.

அப்பாவுக்கு விழுப்புரம் ரயிலடியில் வேலை. விடிகாலைப் பாசஞ்சரில் போய் ராத்திரிச் சோற்றுக்கு வருவார். வரும்போது சட்டைப்பையில் எப்போதாவது ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம், கணக்கு சரிபார்க்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பென்சில். சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பிறகு அது என் சொத்து. அதனால்தான் நான் வரைந்த படகுகள் எல்லாமே சிவப்பும் நீலமுமாக இருந்தன. வேறு கலை நோக்கம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஒரு நாள் என்னையும் விழுப்புரத்துக்குக் கூட்டிப் போவார். அந்த நீள நடைமேடையில், டீயும் கரிப்புகையும் தாழம்பூவும் கலந்த ஒரு நெடியில், எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்டவாளம். ஒன்று மெட்ராசுக்கு, ஒன்று திருச்சிக்கு, ஒன்று காட்பாடிக்கு, ஒன்று பாண்டிக்கு. "கடலுக்குப் போற ரயில் இல்லியாப்பா?" என்று கேட்டேன். "பாண்டி வண்டி போவுதே. ஆனா கிட்டக்கப் போனதும் கடலைப் பாத்துப் பயந்து நின்னுடும்" என்றார். ரொம்ப நாள் வரை அதை நம்பிக்கொண்டிருந்தேன். ரயில் மேல் எனக்கு ஒரு இளக்காரம் வந்ததும் அன்றைக்குத்தான். போட்ட வழியில் போய், முட்டுகிற இடத்தில் நிற்கிற வண்டி.

கடலுக்குப் போக வேறு வழி இருந்தது. தாத்தா மாதம் ஒரு தரம் மரக்காணத்துக்குப் புளி கொண்டுபோவார். புளி இல்லாமல் மீன் குழம்பு ஏது? ஒரு காலத்தில் வலைக்கே எங்கள் புளி போனதாம். நைலான் வருவதற்கு முந்தின பருத்தி வலைகளுக்குப் புளியங்கொட்டைத் தோலைக் காய்ச்சிச் சாயம் ஏற்றுவார்களாம், உப்புத் தண்ணீரில் நூல் சீக்கிரம் இற்றுப்போகாமலிருக்க. அதைச் சொல்லும்போது தாத்தாவின் முகத்தில், வங்கக் கடலின் மீன் அத்தனையும் தன் தயவில் பிடிபட்டது மாதிரி ஒரு களை வரும்.

பிரம்மதேசம், முருக்கேரி, சிறுவாடி என்று நின்று நின்று போகும் பஸ். கூரைமேல் எங்கள் புளிச்சிப்பம், உள்ளே காலடியில் யாரோ ஒருவருடைய கோழி. கழனி வாடை, வைக்கோல் வாடை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொள்ள, சிறுவாடி தாண்டியதும் ஜன்னல் காற்று திடீரென்று உதட்டில் கரிக்கும். அப்புறம் உப்பளம். கண் கூசுகிற வெள்ளையில் குவியல் குவியலாக உப்பு. மழைக்காலம் நெருங்கினால் அந்தக் குவியல்களுக்கு ஓலைக் குல்லாய் போட்டிருப்பார்கள். அந்த வெள்ளைக்கு நடுவில் முழங்கால் வரை வெந்துபோன கால்களோடு உப்பு வாருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர அவர்களைப் பற்றி யோசித்ததாகச் சொல்ல மாட்டேன். என் யோசனையெல்லாம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மரக்காணம் என்றால் 'மரம் காணும் ஊர்', மரம் என்றால் கட்டுமரம் என்று நானாகவே ஒரு பொருள் சொல்லி வைத்திருந்தேன். வகுப்பிலும் பரப்பினேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

அங்கே குப்பத்தில் தாத்தாவுக்கு ஒரு சிநேகிதர். அவர்கள் பேச்சில் கட்டுமரம் என்கிற முழுப்பெயரே வராது. 'மரம்'தான். மரம் போச்சு, மரம் வந்துச்சு, ரெண்டு மரம் கீது. அதனால் நான் அவருக்கு மரத்துத் தாத்தா என்று பேர் வைத்தேன். அவர் வீட்டு ஆயா மரத்து ஆயா. மரத்துத் தாத்தா என் தாத்தாவைப் 'புளி மொதலாளி' என்பார், என்னைச் 'சின்ன மொதலாளி' என்பார். கறுத்து மெலிந்த உடம்பு, இடுப்பில் ஒரு துண்டு, காதோரம் எப்போதும் சொருகியிருக்கிற பாதிப் பீடி. அவர் பாதத்தைப் பார்த்தால் பாதம் மாதிரி இருக்காது. விரல்கள் விசிறி மாதிரி விரிந்து மணலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

முதல் நாளே அவரிடம் என் கோரிக்கையை வைத்துவிட்டேன். எனக்கு மீன் பிடிக்கிற படகு ஒன்று வேண்டும். அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. எழுந்து கையைப் பிடித்துக் கரையோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "பாத்துக்கோ. எது ஓணும்?"

காரப்பொடியும் நெத்திலியும் காய்கிற மணல், ஈரக் கயிற்றின் வாடை, காக்கைகள், வலைக்குள் சிக்கின பாசியைப் பொறுக்கி எறிகிற கைகள், எங்கோ ஒரு வீட்டில் கருவாடு சுடுகிற புகை. நடுவே வரிசையாகக் கிடந்தன மரங்கள். பெரிய மரம், சின்ன மரம். கொஞ்சம் தள்ளி, உயரமாக, வயிறு உப்பி, இரண்டு பக்கமும் கூர்த்து ஒரு படகு. கரைவலைக்குப் போகிற படகு. அதில் ஒரு ஆணிகூடக் கிடையாது. பலகைகளை ஒன்றோடொன்று கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோல் வைத்து இறுக்கியிருந்தார்கள். அலை அடித்தால் ஆணியடித்த படகு தெறித்துவிடும், இது வளைந்து கொடுக்கும். மெட்ராசில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து வெள்ளைக்காரத் துரைகளையும் துரைசானிகளையும் கரைக்குக் கொண்டுவந்தது இந்த ஜாதிப் படகுதான்; மசூலா என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். எனக்கு அதன் சரித்திரம் எதற்கு? அது பெரிது. கை நீட்டினேன்.

"அதுவா? சரி" என்றார் மரத்துத் தாத்தா. பீடியை எடுத்துப் பற்ற வைத்தார். "கடலுக்குள்ள தள்ளிடலாம். திரும்பி வருமே, கரையேத்த எத்தினி ஆளு?"

எனக்குத் தெரிந்த பெரிய எண்ணாகச் சொல்லலாம் என்று, "நாலு" என்றேன்.

"நாலு பேரு கரையில நின்னு அதுக்கு டாட்டா காட்டலாம். பன்னெண்டு பேரு ஓணும் சின்ன மொதலாளி, கொறைஞ்சது பன்னெண்டு. படகு வாங்கறவன் கடலைப் பாக்கக்கூடாது, திண்ணையப் பாக்கணும். வூட்டுல எத்தினி பேரு குந்திகினு கீறாங்கன்னு."

எங்கள் திண்ணையில் புளிதான் குந்தியிருந்தது.

அதற்குப் பிறகு நான் எதைக் காட்டினாலும் அதே கேள்வி. ஒரு தடவை பாண்டிக்குப் போனபோது, விசைப்படகு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, மாடி வைத்தது, மேலே விளக்கு எரிந்தது, டிரைவருக்குத் தனி ரூம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "சரி. கரையேத்த எத்தினி ஆளு?" என்றார். அதைக் கரையேற்ற முடியாது, அதற்குத் துறைமுகம் வேண்டும், அது தண்ணீரிலேயே கட்டிப்போட்டுக் கிடக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தூங்கக்கூட வீட்டுக்கு வராத படகு எனக்கு வேண்டாம் என்று அன்றே அதைத் தள்ளிவிட்டேன்.

தேர்வு சுற்றிச்சுற்றி அவருடைய மரத்திலேயே வந்து நின்றது. பெரிய அழகு ஒன்றும் இல்லை. நாலைந்து கட்டைகள், அவ்வளவுதான். ஆனால் அணியத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில், நுனிகள் மேல்நோக்கி வளைந்து, காற்றை மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி இருக்கும். ஒரு கோடை லீவில் நாங்கள் அங்கே ராத்தங்கினோம். சாயங்காலம் அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்து, இதுதான் என் படகு என்று எனக்குள் முடிவு செய்து, மனசுக்குள் பேர்கூட வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிவதற்கு முன்பே மரம் கடலுக்குப் போய்விட்டது. வெயிலேறி நான் கரைக்குப் போய்ப் பார்த்தால், மரத்தைக் காணோம். அது கிடந்த இடத்தில் தனித்தனியாக, கோணல்மாணலாக, கட்டைகள். பக்கத்தில் சுருட்டி வைத்த கயிறு.

நான் போட்ட கூச்சலில் மரத்து ஆயா, பையனைத் திருக்கை முள் குத்திவிட்டது என்று நினைத்து மஞ்சள் டப்பாவோடு ஓடிவந்துவிட்டார். மூக்கு ஒழுக, விக்கிக்கொண்டே, "படகு உடைஞ்சுபோச்சு" என்றேன். குப்பமே சிரித்தது. இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

மரத்துத் தாத்தா மட்டும் என்னைத் தூக்கி அந்தக் கட்டை ஒன்றின் மேலேயே உட்கார வைத்தார். "உடையல. தூங்குது. கட்டிக்கினே கெடந்தா தண்ணி குடிச்சிப் பெருத்துடும். அவுத்துப் போட்டாத்தான் காயும், காஞ்சாத்தான் நாளைக்கு மெதக்கும்." கட்டையைத் தட்டிக் காட்டினார், ஈரமாக, மந்தமாக ஒரு சத்தம். வேறொரு மரத்தின் காய்ந்த கட்டையைத் தட்டினார். தவில் மாதிரி 'டங்' என்றது. அல்பீசியா, மலைவேம்பு, கல்யாண முருங்கை என்று லேசான மரமாகப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். கட்டுகிறபோது நடுக்கட்டை கொஞ்சம் தாழ, ஓரக்கட்டைகள் கொஞ்சம் ஏற, குழிந்த உள்ளங்கை மாதிரி வரும். சின்ன மரத்தைக் கரையேற்ற எத்தனை ஆள்? கேள்வி கேட்காமலேயே அன்று பதில் கிடைத்தது. அவரும் அவர் மகனும் ஒவ்வொரு கட்டையாகத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். இரண்டே ஆள். அண்ணன் தம்பி இல்லாதவனும் வைத்துக்கொள்ளக்கூடிய படகு உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கனத்தைப் பிரித்துப் பிரித்துத் தூக்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தடவை அதில் ஏறியிருக்கிறேன். கடலில் இல்லை, உப்பங்கழியில். கடலுக்கு என்னை விட்டால் ஆயா தாத்தாவை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். கழுவெளி ஏரியின் தண்ணீர் கடலைத் தேடி வருகிற அந்தக் கழியில், முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். முதல் அதிர்ச்சி, கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் மேலே வந்தது. "முழுகுது, முழுகுது" என்றேன். "முழுகறதுக்கு இதுல இன்னா உள்ள கீது?" என்றார். யோசித்தால் சரிதான், குழிவான வயிறு இருக்கிற படகுக்குத்தானே தண்ணீர் நிரம்புமோ என்கிற பயம். இதில் தண்ணீர் வரும், போகும், கால் எப்போதும் நனைந்தே இருக்கும். அலை கவிழ்த்தாலும் மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஓலைப் பறி ஒன்று பக்கத்தில் கட்டியிருந்தது, அதில் நாலு மடவை துள்ளிக்கொண்டிருந்தது. தூரத்தில் கூட்டமாக நின்றிருந்த பூநாரைகளை நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக் கையாட்டினேன். பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான் என்பதும், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும் பிற்பாடு படித்தவை. அன்று தெரிந்தது, என் டிராயர் நனைந்துவிட்டது என்பது.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா சிறுபாணாற்றுப்படையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்கிற ஊர் வேறெதுவும் இல்லை, நம்ம திண்டிவனத்துக் கிடங்கல்தான் என்றார். வகுப்பே சிரித்தது; கிடங்கல் ஏரியில் எருமை குளிப்பதைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்த்ததில்லை. அவனுடைய எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள், தூங்குகிற ஒட்டகம் மாதிரி கிடந்ததாகப் புலவர் சொல்கிறார் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். "ஐயா, அது அகில் கட்டை இல்லீங்க. அவுத்துப் போட்ட கட்டுமரம். தூங்குறது நெசம்தான். நானே பாத்திருக்கேன்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார்கிட்ட சொல்லிடறேன்" என்றார். இரண்டு வாரம் என்னை எல்லோரும் 'ஒட்டகம்' என்று கூப்பிட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கட்டைகள் லேசுப்பட்டவை இல்லை. கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்கிற பழைய கடல்வழி நூலில் சோபட்மா என்றொரு துறைமுகம் வருகிறது. அதுவும் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தக் கரையில் ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களைச் 'சங்கரா' என்று அந்த நூல் சொல்கிறது. 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் வில்லியம் டேம்பியர் என்கிற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினான். அந்தச் சொல் அப்படியே 'கட்டமரான்' என்று இங்கிலீஷுக்குப் போய், இன்றைக்கு இரண்டு உடல் ஒட்டிய பணக்கார உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. பெயரைக் கொண்டுபோனவர்கள் கயிற்றை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கரையேற்ற எத்தனை ஆள் என்று இரண்டு பேருமே எழுதவில்லை.

மாசி மகத்துக்கு ஒரு வருஷம் பாண்டி வைத்திக்குப்பம் போயிருந்தோம். மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று எங்கள் பக்கத்துச் சாமிகளெல்லாம் அங்கே கடலாட வருவார்கள். பல்லக்கும் பந்தமும் மேளமும் மணலில் இறங்குகிறபோது நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். முன்னால் இத்தனை தோள், பின்னால் இத்தனை தோள், மாற்றுவதற்கு இத்தனை. தாத்தாவின் காதில் சொன்னேன், "சாமிக்கே எத்தினி ஆளு பாத்தியா?" தாத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

இப்போது அந்தக் கரைக்குப் போனால் மரம் அபூர்வம். ஃபைபர் படகுகள் முன்பே வர ஆரம்பித்திருந்தன. 2004 டிசம்பரில் கடல் வந்து அள்ளிக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக வந்ததில் பெரும்பாலும் ஃபைபர்தான். வெள்ளையும் நீலமுமாக, தலைவர்கள் பேரும் சாமி பேரும் பிள்ளைகள் பேரும் எழுதி, நீள வால் எஞ்சினோடு நிற்கின்றன. நல்ல படகுகள். வேகமாகப் போகும், தூரம் போகும், கால் நனையாது. பழசுதான் உசத்தி என்று பேசுகிற ஆள் நான் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டுத் துடுப்புத் தள்ளினவர்களைக் கேட்டால் அப்படிப் பேச மாட்டார்கள். சில கரைகளில் படகை மேலே இழுக்க டிராக்டர் வந்துவிட்டது. உழுகிற டிராக்டர்தான், பின்னால் வடம் கட்டி 'உர்ர்' என்று மேட்டுக்கு இழுத்துவிடுகிறது. ஒரே ஆள் டிரைவர். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மரத்துத் தாத்தாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அந்த டிரைவரைக் காட்டி, "ஒண்ணு" என்று சொல்லியிருக்கலாம். மனுஷர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது எனக்குப் பதின்மூன்று, பதினாலு வயதில். அந்த 'ஒட்டகம்' விவகாரத்துக்கு அப்புறம். அதற்குள் நான் மறுபடி அந்தப் பெரிய தையல் படகுக்கே திரும்பியிருந்தேன். சின்ன மரத்தில் ஆயா உட்கார இடமில்லை என்பதுதான் காரணம். என் படகில் ஆயாவுக்கு ஒரு மணைக்கட்டை, வெயிலுக்குப் பனையோலைக் கூரை, பஸ்ஸில் இருப்பது மாதிரி ஒரு ஹாரன், ஒரு முருகன் படம் எல்லாம் உண்டு. முழுப்பக்கத்துக்குச் சிவப்பும் நீலமுமாக வரைந்து, பின்பக்கத்தில், இந்தத் தடவை தயாராக, ஆள் கணக்கும் போட்டுக்கொண்டு போனேன். தாத்தா. அப்பா, ஞாயிற்றுக்கிழமை மட்டும். சின்ன மாமா, புதுப்படம் ரிலீஸாகாத நாளில். பால்காரர். எங்கள் வகுப்பில் இரண்டு வருஷம் தங்கி மீசை முளைத்துவிட்ட ஒரு அண்ணன். அவருக்குக் கூலி நாலு கோலிக்குண்டு. பக்கத்து வீட்டு இரட்டையர்கள், இரண்டு ஆள். புளிச்சிப்பம் தூக்குகிறவர்கள் மூன்று பேர். நான். தங்கச்சியைக் கால் ஆளாகத்தான் போட்டிருந்தேன், சண்டை போட்டு அரை ஆளாக்கிக்கொண்டாள்.

மரத்துத் தாத்தா அப்போது கடலுக்குப் போவதில்லை. மகன்தான் போய்க்கொண்டிருந்தான். அவர் கூரை நிழலில் உட்கார்ந்து, வலைக் கண்ணைத் தடவித் தடவிப் பிசகு பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை மங்கியிருந்தது. காதோரப் பீடி மட்டும் அப்படியே. காகிதத்தைக் கொடுத்தேன். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்து, ஹாரனைத் தொட்டுக் காட்டி, "இது இன்னா, பூசணிக்காயா?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆள் கணக்கை நான்தான் வாசித்தேன். கோலிக்குண்டுக் கூலிக்கு மட்டும் ஒரு தரம் தலையாட்டினார்.

"மொத்தம் எத்தினி?"

"பதினொண்ணரை."

"அரை ஆளு கொறையுதே. எங்க போவ?"

எனக்குத் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. தாத்தா காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார். மரத்து ஆயா சுறாக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் திணித்துக்கொண்டே, பஸ்ஸில் யார் மடியிலும் வைக்காதே என்றார்.

மரத்துத் தாத்தா வலையிலிருந்து கையை எடுக்காமல், "என்னைப் போட்டுக்கோ" என்றார். "இப்பல்லாம் நான் அரை ஆளுதான்."

நீலப் பக்கம் தேய்ந்து மரக்கட்டை தெரிந்துவிட்டது. சிவப்பால் எழுதிக்கொண்டேன்.